வேற்றுக் கை

வீப்கெ சாவி போட்டுக் கதவைத் திறந்து உள்ளே வந்தபோது, அவள் அப்பா சமையலறை மேசையில் உட்கார்ந்து அம்மாவின் கையெழுத்தில் எழுதிக்கொண்டிருந்தார்.

அம்மா இறந்து வருஷங்கள் ஆகிவிட்டன.

ஏதோ பழைய கவிதையைப் பார்த்து நகல் எடுக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தாள். கிட்டப் போய்ப் பார்த்தால் அது நகல் இல்லை, மூலத் தாளேதான். மேல் பாதியில் அம்மா, கவிஞர் அல்முட் ரெசோவ், பென்சிலால் எழுதி, அடித்து, திரும்ப எழுதி, முடிக்காமல் விட்ட ஒரு கவிதை. கீழே வெறுமையாக இருந்த இடத்தில் அப்பா லோத்தர் நாக்கு நுனியைக் கடித்துக்கொண்டு எழுத்து எழுத்தாக இறக்கிக்கொண்டிருந்தார். அதே சாய்வு, அதே சுழிப்பு. எங்கே அம்மா முடிந்து எங்கே அப்பா ஆரம்பிக்கிறார் என்று பெற்ற மகளாலேயே சட்டென்று சொல்ல முடியவில்லை.

"என்னப்பா பண்ற?"

"உஷ்! ஒரு வரிதான் பாக்கி."

"அது அம்மா தாளுப்பா."

"பின்ன யாரு தாளு? அவ சொல்றா, நான் எழுதுறேன். கதவைச் சாத்து மொதல்ல, கடல்காத்து அத்தனையும் உள்ள வருது."

வீப்கெ பென்சிலை அவர் விரல்களுக்கிடையிலிருந்து உருவினாள். அவர் தடுக்கவில்லை. அவளை நிமிர்ந்து பார்த்து, மிக மரியாதையாகக் கேட்டார்: "நீங்க அலுவலகத்துல இருந்து வர்றீங்களா?"

மறதி நோய் என்று டாக்டர் சொல்லி ஒரு வருஷம் ஆகியிருந்தது. ஆனால் அதுவரை அது வீட்டுச் சாவியை, அடுப்பை, பக்கத்து வீட்டுக்காரர் பெயரைத்தான் தின்றுகொண்டிருந்தது. வீப்கெ ஹாம்பர்க்கில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். மாதம் இரண்டு தடவை ரயிலேறி ஸ்ட்ரால்சுண்டுக்கு வந்து, குளிர்பெட்டியை நிரப்பி, துணி துவைத்துப் போட்டுவிட்டுப் போவாள். அம்மாவின் அறையை எட்டிப் பார்க்க அவளுக்குத் தோன்றியதில்லை. அது அப்பாவின் கோயில். அவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிட்டாள்.

அன்று அலமாரியைத் திறந்து ஒவ்வொரு உறையாக மேசையில் வைத்துப் பார்த்தாள். முடியாமல் நின்ற கவிதைகள் பல முடிந்திருந்தன. முடிந்த கவிதைகள் சிலவற்றில் சொற்கள் மாறியிருந்தன. அம்மா சிவப்பு மையால் அடித்துத் தள்ளிய ஒரு பக்கத்தை அப்பா ரப்பரால் சுரண்டிச் சுரண்டி மீட்டிருந்தார். தாள் தேய்ந்து வெளிச்சம் ஊடுருவியது.

"எத்தனை தாள்லப்பா கை வெச்ச?"

"வேலை நல்லா போய்க்கிட்டு இருக்கு" என்றார் லோத்தர் பெருமையாக. "வசந்தத்துக்குள்ள புத்தகம் கொடுத்துடலாம்னு அல்முட் சொல்றா."

அவர் அப்படி நினைத்ததற்கு நியாயம் இருந்தது. வீப்கெ மூன்றாம் வகுப்புப் படித்தபோது, ஊர் கிழக்கு ஜெர்மனியில் இருந்த காலத்தில், ஒரு அக்டோபர் காலையில் அன்றைய அரசின் ஆட்கள் வந்து அல்முட் எழுதிவைத்திருந்த அத்தனையையும் அட்டைப்பெட்டிகளில் அள்ளிக்கொண்டு போனார்கள். பாதிகூடத் திரும்பி வரவில்லை. அந்தக் குளிர்காலம் முழுக்க அல்முட்டும் லோத்தரும் இதே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து, போன கவிதைகளை ஞாபகத்திலிருந்து மீட்டார்கள். அவள் மறந்த இடத்தில் அவர் சொல்வார். கை நடுங்கி அவளால் எழுத முடியாத நாட்களில் அவர் எழுதுவார். லோத்தர் கப்பல் கட்டும் தளத்தில் வரைபடம் போடுகிறவர். எந்தக் கோட்டைப் பார்த்தாலும் அதை அப்படியே திரும்பப் போட அவருக்கு வரும். மீட்ட தாள்களைக் கண்ணாடி ஜாடிகளில் அடைத்து, ரயில் பாதையோரம் அவர்களுக்கு இருந்த தோட்டத் துண்டில், பழப்புதர்களுக்கு அடியில் புதைத்தார். இரு ஜெர்மனிகளுக்கும் நடுவே இருந்த சுவர் விழுந்த பிறகுதான் அவை வெளியே வந்தன. அல்முட்டின் பெயர் நாடு முழுக்கத் தெரிந்தது அந்த ஜாடிகளால்தான்.

அப்போது அவர் எழுதியது காப்பாற்றுதல். இப்போது எழுதுவது அழித்தல். இந்த வித்தியாசத்தை அவருக்கு எந்த மொழியில் சொல்வது?

தெற்கே இருந்த இலக்கிய ஆவணக் காப்பகம் பல வருஷமாகத் தாள்களைக் கேட்டுக்கொண்டிருந்தது. லோத்தர் பதில்கூடப் போட்டதில்லை. வீப்கெ மறுநாள் காலை தானே போன் செய்தாள். அந்த வாரமே காப்பகத்திலிருந்து ஹென்ரிகெ டோல்ட் வந்தாள். ஒல்லியான, வேகமாக நடக்கிற பெண். மழையில் நனைந்த தலையைத் துவட்டக்கூட நேரம் எடுத்துக்கொள்ளாமல் கையைக் கழுவிக்கொண்டு தாள்களின் முன்னால் உட்கார்ந்தாள்.

லோத்தருக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. காப்பி ஊற்றிக் கொடுத்தார். பிளம் பழக் கேக்கை அவரே வெட்டி வைத்தார்.

"தெக்கத்திக்காரங்க பேசுறது பாட்டு மாதிரி இருக்கு" என்று மகளிடம் சொன்னார். "ஒண்ணும் புரியல, அது வேற விஷயம்."

"எங்க ஊருக்கு வாங்க, நாலு நாள்ல புரிய வெச்சுடறேன்" என்றாள் ஹென்ரிகெ.

"வரலாம். அல்முட்டைக் கேக்கணும்."

அவர் தூங்கப் போன பிறகு ஹென்ரிகெ ஒரு தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். வீப்கெ அன்று பென்சிலைப் பிடுங்கிய அதே தாள். அதில் அம்மா அடிக்காமல் விட்டிருந்தது இரண்டே வரி:

கடல் எங்கள் தெருவரை வந்து
யாரும் வீட்டில் இல்லாததால் திரும்பிப் போனது.

அதற்குக் கீழே அப்பா எழுதியிருந்தார்:

ஈரம் மட்டும் வாசலில் நிற்கிறது;
துடைக்க எனக்கு மனசில்லை.

"நல்லா இருக்கு" என்றாள் ஹென்ரிகெ. "அதுதான் சிக்கலே. மோசமா எழுதியிருந்தா கண்டுபிடிச்சுப் பிரிச்சுடலாம்."

"பென்சிலை எல்லாம் ஒளிச்சு வெச்சுட்டேன்."

"எத்தனை நாளைக்கு?"

வீப்கெ தாளை வாங்கி உறைக்குள் வைத்தாள். அன்று காலைதான் அவர் அடுப்புக் கரித்துண்டு ஒன்றைக் கத்தியால் கூராக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்திருந்தாள்.

"இன்னும் ஒரு குளிர்காலம் இது இங்க இருந்துச்சுன்னா," என்றாள் ஹென்ரிகெ, "அல்முட் ரெசோவ்னு ஒருத்தங்க என்ன எழுதினாங்கன்னே யாருக்கும் தெரியாமப் போயிடும். எடுத்துட்டுப் போறதுதான் வழி. ஆனா கையெழுத்துப் போட வேண்டியது நீங்க. நான் கட்டாயப்படுத்த முடியாது."

வீப்கெ கையெழுத்துப் போட்டாள். அப்பாவின் சார்பில் முடிவெடுக்கும் உரிமை நீதிமன்றம் வழியாக ஏற்கனவே அவளுக்கு வந்திருந்தது.

தாள்களை எடுக்க வரும் நாளில் அப்பாவை வெளியே அழைத்துப் போய்விடலாம் என்று அவள் ஏற்பாடு செய்திருந்தாள். தோட்டத் துண்டில் பக்கத்து இடத்துக்காரரான கிழவர் ஹின்னர்க் வந்து, துறைமுகத்தில் மீன் சாப்பிடக் கூட்டிப்போவதாகப் பேச்சு. ஆனால் வண்டி முன்கூட்டியே வந்துவிட்டது. சாம்பல் நிற அட்டைப்பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு இரண்டு ஆட்களும் பின்னாலேயே ஹென்ரிகெயும் மாடிப்படி ஏறி வந்தபோது லோத்தர் ஒரு காலில் மட்டும் பூட்ஸ் மாட்டியபடி நடைவழியில் நின்றுகொண்டிருந்தார்.

அவர் பெட்டிகளைப் பார்த்தார். ஆட்களைப் பார்த்தார். யாரும் எதுவும் சொல்லாமலே திரும்பி, சுவரைப் பார்த்து நின்று, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

அந்த அக்டோபர் காலையிலும் அவர் இதே இடத்தில் இப்படித்தான் நிறுத்தப்பட்டிருந்தார். பள்ளிப் பையோடு வீப்கெ இந்தக் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, இவங்க அவங்க இல்லப்பா. காப்பகத்துல இருந்து வந்திருக்காங்க. ஹென்ரிகெ, அந்தக் கேக் சாப்பிட்டாங்களே..."

லோத்தர் சுவரைவிட்டுத் தலையைத் திருப்பாமல், உதடு அசையாமல் சொன்னார்: "வாயைத் தொறக்காத. உனக்கு ஒண்ணும் தெரியாது. ஜாடியைப் பத்திக் கேட்டா தெரியாதுன்னு சொல்லு, கண்ணு."

ஹென்ரிகெ கையிலிருந்த பெட்டியைத் தரையில் வைத்துவிட்டாள். "வேணாம்னா நிறுத்திடலாம். இன்னொரு நாள் பாத்துக்கலாம்."

இன்னொரு நாள் என்றாலும் இதே நடைவழிதான், இதே சுவர்தான். வீப்கெ அப்பாவின் முதுகைப் பார்த்தாள். பிறகு அம்மாவின் அறைக் கதவை விரியத் திறந்துவிட்டாள்.

"எடுத்துட்டுப் போங்க. சீக்கிரம்."

கடைசிப் பெட்டி இறங்கும்வரை அவர் அசையவில்லை. அவரது கால்சட்டை நனைந்திருந்ததை அதற்குப் பிறகுதான் வீப்கெ கவனித்தாள். துடைத்துவிட்டாள், உடை மாற்றினாள். மீன் சாப்பிடக் கூட்டிப்போக வந்த ஹின்னர்க் வாசலில் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். உள்ளே வரவில்லை.

காப்பகம் நகல்களை அனுப்பிவைத்தது. அம்மா வைத்திருந்த அதே வரிசையில், அதேபோன்ற உறைகளில் வீப்கெ அவற்றை அலமாரியில் அடுக்கினாள். லோத்தர் ஒரு தாளை எடுத்தார். திருப்பிப் பின்பக்கத்தை விரலால் தடவினார். பென்சில் அழுத்திய தடம் எதுவும் விரலில் தட்டவில்லை, கண்ணாடிபோல வழவழப்பு. மூக்கருகே கொண்டுபோனார். மேசையின் ஓரத்துக்குத் தள்ளிவிட்டார். அதற்குப் பிறகு அந்த அலமாரிப் பக்கம் அவர் போகவேயில்லை.

"வேற நல்ல தாள் வாங்கித் தரட்டுமா? பென்சில் தரேன். எழுதேன்ப்பா."

"எதைப் பாத்து எழுதறது?" என்றார்.

அதுதான் அவர் அவளிடம் சொன்ன கடைசித் தெளிவான வாக்கியம் என்று பிற்பாடு அவளுக்குத் தோன்றும். பகல் முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். ஊட்டினால் சாப்பிட்டார். விடுப்பு தீர்ந்ததும் வீப்கெ, காலையும் மாலையும் வந்து பார்த்துக்கொள்ள ஒரு செவிலியை ஏற்பாடு செய்துவிட்டு ஹாம்பர்க்குக்குத் திரும்பினாள்.

அந்த வருஷம் டிசம்பரில் பனி விடாமல் கொட்டியது. ஊரை ஒட்டிய நீரிணை உறைந்தது, ரயில்கள் நின்றன. ஒரு காலை செவிலி வந்தபோது கதவு திறந்து கிடந்தது, ஆள் இல்லை. கோட்டும் ஆணியிலேயே தொங்கியது. போலீஸ் துறைமுகத்தில் தேடியது, தேவாலயத்தில் தேடியது. எங்கே தேட வேண்டும் என்று தெரிந்தவர் ஹின்னர்க் ஒருவர்தான். முழங்கால் அளவு பனியில் ரயில் பாதையோரம் நடந்து தோட்டத் துண்டுக்குப் போனார்.

பழப்புதர்களின் வேரடியில், சட்டையோடு, லோத்தர் மண்டிபோட்டுத் தோண்டிக்கொண்டிருந்தார். கையில் அடுப்புச் சாம்பல் அள்ளுகிற சின்னக் கரண்டி. மண் கல்லாக உறைந்திருந்தது. கரண்டி வளைந்த பிறகு விரல்களால் தோண்டியிருக்கிறார், நகங்கள் இல்லை.

ஆனால் ஒரு ஜாடி அகப்பட்டிருந்தது. எல்லாவற்றையும் எடுத்தாயிற்று என்று நினைத்திருந்த அந்த மண்ணில் ஒன்று தப்பியிருந்தது. மூடியின் ரப்பர் மக்கித் தண்ணீர் உள்ளே போய், தாள்கள் கரைந்து சாம்பல் நிறக் கூழாக உறைந்திருந்தன. லோத்தர் அதைச் சட்டைக்குள் மார்போடு அணைத்து வைத்திருந்தார். ஹின்னர்க் அவரைத் தன் கோட்டில் சுற்றித் தூக்கியபோது, "மெதுவா, மெதுவா, கண்ணாடி" என்று மட்டும் சொன்னாராம்.

வழியெல்லாம் பனியில் சிக்கிச் சிக்கி வீப்கெ ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது அவருக்கு நுரையீரலில் சளி கட்டியிருந்தது. கைகள் இரண்டும் துணிக்கட்டு.

"சொல்லிட்டியா?" என்று கேட்டார். அவளைத்தான் கேட்டாரா, அல்முட்டையா, தெரியவில்லை.

"சொல்லலப்பா."

"யாருகிட்டயும்?"

"யாருகிட்டயும் சொல்லல."

அவர் தலையை அசைத்தார். அடுத்தநாள் மதியம், வீப்கெ சூப் வாங்கக் கீழே போயிருந்தபோது, உயிர் போயிற்று.

அடக்கம் முடிந்து, பனி உருகி, வசந்தத்தில் அவள் தெற்கே போனாள். வரப்போகும் முழுத் தொகுப்புக்காக இருவரின் கையெழுத்தையும் பிரித்துக் கொடுக்க அவளால்தான் முடியும் என்று ஹென்ரிகெ கேட்டிருந்தாள். குன்றின் மேல் அமைதியான வாசிப்பறை. ஹென்ரிகெ தாள்களை ஒவ்வொன்றாக முன்னால் வைப்பாள். வீப்கெ பார்த்துச் சொல்ல வேண்டும்: அம்மா, அப்பா, தெரியவில்லை.

ஆரம்பத்தில் கடினமாக இருந்தது. பிறகு கண் பழகிற்று. அம்மாவின் வரி, பக்கத்தின் ஓரத்தை நெருங்கும்போது களைத்துக் கீழே சரியும். அப்பாவின் வரி கடைசி எழுத்துவரை நேராகவே போகும். வரைபடக்காரரின் கை, எத்தனை மறந்தாலும் நேர்க்கோட்டை மறக்கவில்லை. இதைக் கண்டுகொண்ட பிறகு அவள் தடதடவென்று சொல்லிக்கொண்டே போனாள். அப்பா. அப்பா. அம்மா. அப்பா.

கடல் தெருவரை வந்த அந்தக் கவிதையும் வந்தது.

ஹென்ரிகெ காத்திருந்தாள். அந்தத் தாளுக்கு அகலம் குறைவு. வரிகள் எல்லாமே குட்டையானவை, சரிகிறதா நேரா என்று சொல்ல முடியாது. 'தெரியவில்லை' என்று சொல்லியிருந்தால் ஹென்ரிகெ அதையே எழுதிக்கொண்டிருப்பாள். நாலு வரியும் ஒன்றாகவே புத்தகத்துக்குப் போயிருக்கும்.

"கீழ ரெண்டு வரி அப்பா" என்றாள் வீப்கெ. "எழுதும்போது நான் பாத்தேன்."

"சரி."

"பட்டியல்ல என்னன்னு போடுவீங்க?"

"வேற்றுக் கைன்னு. அதுதான் வழக்கம். கவிஞர் கை இல்லாத எதுவும் வேற்றுக் கை."

"அவரு வேத்து ஆளு இல்ல. பேரு போடுங்க."

ஹென்ரிகெ பட்டியலைக் கிட்டே இழுத்துக்கொண்டாள். "லோத்தர் ரெசோவின் கைன்னு போடறேன். மேல யாராவது கேட்டா நான் பாத்துக்கறேன்."

அவள் சொன்னபடியே போட்டாள். ஆனால் புதுப் பதிப்பைத் தயாரித்தவர் வேறு ஒருவர், பேராசிரியர். முழுக் கவிதைகளின் புத்தகம் இரண்டு வருஷம் கழித்து வந்தபோது, லோத்தரின் கை பட்டது எதுவும் அதில் இல்லை. அரசின் ஆட்கள் வந்துபோன பிறகு அந்தப் பழைய குளிர்காலத்தில் இருவரும் சேர்ந்து ஞாபகத்திலிருந்து மீட்ட கவிதைகளில்கூட, அவர் கையில் மட்டுமே இருந்தவற்றை நம்பகமற்றவை என்று விலக்கியிருந்தார்கள். அவற்றில் சில, வீப்கெ சின்னப் பெண்ணாக இருந்தபோது அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டே முணுமுணுத்தவை. அவளுக்கு மனப்பாடம். அதற்குச் சாட்சி என்று அவள் வாய் ஒன்றுதான். பதிப்பாசிரியருக்கு அது போதவில்லை. கடிதம் எழுதிப் பார்த்தாள். 'தங்கள் உணர்வை மதிக்கிறோம்' என்று ஒரு பதில் வந்தது.

ஸ்ட்ரால்சுண்ட் நூலகத்தில் ஒரு ஞாயிறு முற்பகலில் வெளியீட்டு விழா நடந்தது. பேராசிரியர் நன்றாகவே பேசினார். கவிஞரின் கணவர், தாள்களைப் பல்லாண்டு பத்திரமாகக் காத்தவர், அவருக்கு இந்த அவை நன்றிக்கடன் பட்டிருக்கிறது என்றார். கைதட்டினார்கள். கேள்வி கேட்கலாம் என்றதும் பின்வரிசையில் ஹின்னர்க் எழுந்தார்.

"லோத்தர் எழுதினது எந்தப் பக்கத்துல இருக்கு?"

"அவர் எழுதியவை இதில் சேராது. இது அல்முட் ரெசோவின் கவிதைகள்."

"அது தெரியுது. ரெண்டு பேரும் சேந்துதான் எழுதினாங்க அந்தக் குளிர்ல. விறகு கொண்டுபோய்ப் போட்டவன் நான், பாத்திருக்கேன். ஒரு பக்கம் அவ சொல்வா, ஒரு பக்கம் இவன் சொல்வான். நீங்க எப்படிப் பிரிச்சீங்க?"

அவையில் சிலர் சிரித்தார்கள். பேராசிரியர் கண்ணாடியைச் சரிசெய்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் முன்வரிசையிலிருந்து வீப்கெ எழுந்து திரும்பினாள்.

"அவரு பிரிக்கல. நான்தான் பிரிச்சுக் கொடுத்தேன்."

ஹின்னர்க் அவளைப் பார்த்தபடி நின்றார். பிறகு உட்கார்ந்துவிட்டார். அடுத்த கேள்வியை யாரோ கேட்டார்கள்.

விழா முடிந்து வெளியே வந்தபோது அவர் படிக்கட்டில் அவளுக்காகக் காத்திருந்தார். நீரிணையிலிருந்து காற்று அடித்தது. இருவரும் துறைமுகம் வரை நடந்தார்கள்.

"அந்த ஆளுங்க பெட்டி தூக்கின அன்னிக்கு நீ நிறுத்தியிருக்கணும்" என்றார் ஹின்னர்க்.

"நிறுத்தியிருந்தா அம்மா எழுதினதுல ஒண்ணுகூட மிஞ்சியிருக்காது, மாமா."

"தெரியும். நீ செஞ்சது சரிதான். யாரு கேட்டாலும் சரின்னுதான் சொல்லுவேன்." தொப்பியை இழுத்துக் காதை மூடிக்கொண்டார். "ஆனா பனியில இருந்து அவனைத் தூக்கிட்டு வந்தது நான். எனக்கு உன் முகத்தைப் பாக்க முடியல, வீப்கெ. நீ ஊருக்கு வந்தா என் வீட்டுக்கு வராத."

அவள் சரி என்று தலையாட்டினாள். அவர் வலதுபுறம் திரும்பி, கைத்தடியைக் கல்தரையில் ஊன்றி ஊன்றிப் போனார். வீப்கெ புத்தகத்தைப் பையில் வைத்துக்கொண்டு ரயில் நிலையத்துக்கு நடந்தாள்.